வாரம் ஒரு மணி நேரம்: ஜமைக்கா சாட்சியம் எதுவரை செல்லும்?

சிறு குழந்தைகளின் வளர்ச்சி பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் யாராவது ஒருவர் ஜமைக்காவைச் சொல்லிவிடுவார். கதை சுருக்கமானது. 1980களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் சுகாதார உதவியாளர்கள் வாரம் ஒருமுறை வீடு தேடிப் போனார்கள். குழந்தையோடு எப்படி விளையாடுவது, என்ன பேசுவது என்று தாய்மாருக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு 22 வயதானபோது, அந்த உதவி கிடைக்காதவர்களைவிட அவர்கள் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த கிலுகிலுப்பையும் வாரம் ஒரு மணி நேரமும் ஒரு மனிதனின் சம்பளத்தைக் கூட்டும் என்றால் எந்த அரசுக்குத்தான் ஆசை வராது?

வந்துவிட்டது. கொலம்பியா, பெரு, வங்கதேசம், ஒடிசா என்று இந்த முறை போய்க்கொண்டே இருக்கிறது. நம் மத்திய அரசும் பிறப்பு முதல் 3 வயது வரையான குழந்தைகளுக்காக 2024இல் ‘நவசேதனா’ என்றொரு வழிகாட்டியை வெளியிட்டது. 36 மாதத்துக்கான அட்டவணை, வயதுவாரியாக 140 செயல்பாடுகள். அதை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர், வழக்கம்போல, அங்கன்வாடிப் பணியாளர்.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஜமைக்காவில் நடந்தது உண்மையா என்பது ஒன்று. அதைக் காட்டி மற்ற இடங்களில் செய்யப்படுவது அதே காரியம்தானா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் ஆம். இரண்டாவதுக்கு, பெரும்பாலும் இல்லை.

முதலில் கிங்ஸ்டனுக்குப் போவோம். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவர் சாலி கிராந்தம்-மெக்ரெகரும் அவருடைய சகாக்கள் கிறிஸ்டின் பவல், சூசன் வாக்கர் ஆகியோரும் 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 9 முதல் 24 மாதக் குழந்தைகள். சத்துக் குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். குலுக்கல் முறையில் நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால் உணவு. இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு. மூன்றாவதுக்கு இரண்டும். நாலாவதுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஏழை வீட்டில் ஒரு குழந்தைக்கென்று வரும் பாலை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள் என்று தெரிந்து, குடும்பத்துக்குத் தனியாகச் சோளமாவும் பால் பவுடரும் கொடுத்தார்கள். ஆய்வு செய்தவர்களுக்கு வீடு தெரிந்திருந்தது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. உதவியாளர் ஒரு பையோடு வருவார். உள்ளே கடையில் வாங்கிய பொம்மைகள் அல்ல. காலி பாட்டிலில் கல் போட்டு மூடிய கிலுகிலுப்பை, துணிப் பொம்மை, மரக்கட்டைகள், அட்டையில் ஒட்டிய படங்கள் இருக்கும். தரையில் உட்காருவார். ஒரு சாமானைக் குழந்தையிடம் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பார். பிறகு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். குழந்தை ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை வைத்தால் பாராட்ட வேண்டியது அம்மா. உதவியாளர் அம்மாவைப் பாராட்டுவார். குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று பெயர் சொல்லுங்கள், துணி துவைக்கும்போது நிறத்தைச் சொல்லுங்கள் என்று அன்றாட வேலைக்குள்ளேயே பேச்சைப் புகுத்துவார். போகும்போது பொம்மைகளை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு கொண்டுவருவார்.

குழந்தைக்குப் பாடம் நடத்துவது அவர் வேலையாக இருக்கவில்லை. அடுத்த ஆறு நாளும் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மாற்றுவதுதான் வேலை. ஒரு மணி நேரத்தில் குழந்தை கற்பது சொற்பம்; அம்மாவுக்குப் பழக்கமாகிவிட்டால் குழந்தை நாள் முழுக்கக் கற்கும்.

1991இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. பாலும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது, இரண்டும் சேர்ந்தபோது பலன் கூடுதலாக இருந்தது. அதன்பின் அதே குழந்தைகளை வளர வளரத் தேடிப்போய்ச் சோதித்தார்கள். பாலின் பலன் நாளடைவில் கரைந்துவிட்டது. விளையாட்டின் பலன் நின்றது. 17, 18 வயதில் மனப்பதற்றமும் சோர்வும் குறைவு, தன்மதிப்பு அதிகம். 22 வயதில் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் படிப்பும் கூடுதல், சண்டை சச்சரவில் இறங்குவது குறைவு. 2014இல் பால் கெர்ட்லர், நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் போன்ற பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் அந்த 25 சதவீதக் கணக்கை வெளியிட்டார்கள். சிறுவயதில் குன்றாமல் வளர்ந்த ஒப்பீட்டுக் குழுவின் வருமானத்தை இவர்கள் எட்டிவிட்டார்கள் என்றும் அது சொன்னது. 31 வயதில் மறுபடி பார்த்தபோது வருமான வித்தியாசம் 37 சதவீதம்.

இதைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க முதல் காரணம் எண்ணிக்கை. 129 பேரில் 22 வயதில் கண்டுபிடிக்க முடிந்தது 105 பேரை. விளையாட்டு கிடைத்தவர், கிடைக்காதவர் என்று இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஐம்பது சொச்சம். அந்த ஐம்பதில் இரண்டு மூன்று பேருக்கு நல்ல வேலை அமைந்துவிட்டால் சராசரி துள்ளிவிடும். சிறிய ஆய்வு ஒன்று பலனைக் கண்டுபிடித்தது என்றால், அந்தப் பலனின் திசையை நம்பலாம். அளவை நம்பக் கூடாது. சிறிய ஆய்வில் மிகப் பெரிதாகத் தெரிவது மட்டுமே வெளியே தெரியும் என்பதால், அளவு வழக்கமாக ஊதிப்போயிருக்கும். புள்ளியியல் படித்த எவரும் ஒப்புக்கொள்ளும் இந்த விஷயம் மேடைகளில் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது காரணம் வெளிநாடு. ஜமைக்காவில் நன்றாகப் படித்தவர்கள் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விடுவது சகஜம். உதவி பெற்ற குழுவில் அப்படிப் போனவர்கள் அதிகம். அங்கே சம்பளமும் அதிகம். அப்படியானால் நாம் பார்ப்பது விளையாட்டின் பலனா, விசாவின் பலனா? ஆய்வாளர்கள் இதை ஒளிக்கவில்லை. பல விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், பலன் மறைந்துவிடவில்லை. விசாவே படிப்பின் பலன்தானே என்றும் வாதிடலாம். ஆனால் ஒரு நாட்டின் ஒரு தலைமுறை முழுவதற்கும் விசா கிடைக்காது. திட்டத்தை நாடு முழுக்க விரிக்கும்போது பலனின் அந்தப் பகுதி கூடவே வந்துவிடாது.

எதிர்ப்பக்கத்திலும் எடை இருக்கிறது. ஒரே ஒரு அளவை மட்டும் எடுத்துக்கொண்டு ஊதிக்காட்டிய ஆய்வல்ல இது. மதிப்பெண், படிப்பு, மனநிலை, நடத்தை, வருமானம் என்று முப்பது வருடமாக வெவ்வேறு கோல்களால் அளந்தபோதும் ஊசி ஒரே பக்கம்தான் சாய்ந்தது. குலுக்கலில் தற்செயலாக நல்ல குழந்தைகள் ஒரு பக்கம் போய்விட்டார்கள் என்று சொல்வதற்கு இவ்வளவு தொடர்ச்சி இடம் கொடுக்காது. ஆகவே ஜமைக்கா பொய் இல்லை. 25 சதவீதம் என்பதை மட்டும் எங்கும் ஜோசியமாகச் சொல்லக் கூடாது.

பால் தோற்றது, விளையாட்டு ஜெயித்தது என்றொரு வாசிப்பும் உலவுகிறது. இது ஆபத்தான அவசரம். அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே குன்றிப்போன பிறகுதான் பால் வந்தது. கர்ப்பத்திலும் முதல் ஆறு மாதத்திலும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவே முயலவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் அன்றைக்குப் பலன் உச்சத்தில் இருந்தது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். சத்துணவுக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைக்க ஜமைக்காவைச் சாட்சிக்கு அழைப்பவரை நம்ப வேண்டாம்.

இனி, பலன் எதிலிருந்து வந்தது? இதற்கு அதே குழுவினரே ஒரு துப்பு விட்டுப்போயிருக்கிறார்கள். பெரிய ஆய்வுக்கு முன்பே, எத்தனை நாளைக்கு ஒருமுறை போனால் போதும் என்று சோதித்து 1989இல் வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை போன வீடுகளில் நல்ல முன்னேற்றம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் கொஞ்சம். மாதம் ஒருமுறை போனால், போகாததற்கும் போனதற்கும் வித்தியாசமில்லை. இந்தத் துறையில் மிகக் குறைவாக எடுத்துக்காட்டப்படுவதும் மிக முக்கியமானதும் இந்த முடிவுதான் என்பேன். பழக்கம் என்பது அப்படித்தான். ஏழு நாளைக்கு ஒருமுறை ஒருவர் வந்து, போன வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அது ஒட்டிக்கொள்ளும். முப்பது நாள் இடைவெளி விட்டால் இரண்டு பேருக்கும் மறந்துவிடும்.

பெரிய அளவில் செய்தபோது என்ன ஆயிற்று என்று பார்க்கக் கொலம்பியா நல்ல உதாரணம். 96 நகராட்சிப் பகுதிகள், 1,420 குழந்தைகள், 18 மாதம். நிதியுதவித் திட்டத்தில் ஏற்கெனவே இருந்த உள்ளூர்ப் பெண் தலைவிகளே வாரந்தோறும் வீடுகளுக்குப் போனார்கள். அறிவு வளர்ச்சியில் கிடைத்த முன்னேற்றத்தை எளிமையாகச் சொன்னால், நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தும்போது 50ஆம் இடத்தில் இருந்திருக்கக்கூடிய குழந்தை 40ஆம் இடத்துக்கு வந்தது. கூடவே சோதித்த நுண்ணூட்டச் சத்துப் பொடி எந்தப் பலனும் தரவில்லை. இதுவரை நல்ல சேதி. திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் காணோம். பெரு நாட்டில் அரசே கிராமப்புறங்களில் பெரிய அளவில் நடத்திய ‘குனா மாஸ்’ திட்டத்தில் தொடக்கப் பலனே கொலம்பியாவைவிடக் குறைவு.

கொலம்பியாவை வைத்து எல்லாம் வீண் என்று முடிவு கட்டவும் முடியாது. ஜமைக்காவிலேயே 7, 8 வயதில் அளந்தபோது பலன் மெலிந்துபோய்த்தான் இருந்தது. 11 வயதில் மறுபடித் தெளிவாகத் தெரிந்தது. கொலம்பியக் குழந்தைகளின் கணக்கும் இன்னும் முடியவில்லை. ஆனால் இடையில் ஒரு முறை மங்கிய பலன் பிறகு கட்டாயம் திரும்பும் என்று நம்பிப் பணம் போடுவது நிர்வாகம் அல்ல, வேண்டுதல்.

வீடு தேடிப் போகும் உதவிக்கு இன்னொரு பெரிய கிளை அமெரிக்காவில் இருக்கிறது. டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1977இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரத்தில் தொடங்கியது. முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஏழைப் பெண்கள், சிறுவயதுத் தாய்மார் வீட்டுக்குக் கர்ப்பத்திலிருந்து குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை பயிற்சி பெற்ற நர்ஸ் போவார். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது, குழந்தையைக் கொடுமைப்படுத்தியதாகவோ கவனிக்காமல் விட்டதாகவோ பதிவான புகார்கள் இந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. பிறகு மெம்பிஸ், டென்வர் நகரங்களிலும் சோதித்தார்கள். டென்வரில் நர்ஸுக்குப் பதிலாகப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பெண்களையும் அனுப்பிப் பார்த்தார்கள். பலன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கிங்ஸ்டனிலோ நர்ஸே இல்லை. இந்த முரணை விளக்கப் பட்டத்தைப் பார்த்தால் போதாது. கிங்ஸ்டன் உதவியாளர்கள் செய்தது ஒரே ஒரு வேலை, அதைப் பின்னாலிருந்து தொடர்ந்து கவனித்துத் திருத்தியவர்கள் அதை உருவாக்கியவர்களே. அந்தக் கவனிப்பு இல்லாத இடத்தில் பட்டம் கொஞ்சம் ஈடுகட்டும் போலிருக்கிறது.

எல்மைராவின் வெற்றியைப் பார்த்து இங்கிலாந்து 2007இலிருந்து அதே திட்டத்தை இறக்குமதி செய்தது. சோதனை முடிவு வரும் முன்பே விரிவாக்கமும் தொடங்கிவிட்டது. 2016இல் முடிவு வந்தது. 19 வயதும் அதற்குக் கீழும் உள்ள 1,645 தாய்மார். கர்ப்பத்தில் புகைப்பது குறைந்ததா? இல்லை. பிறப்பு எடை கூடியதா? இல்லை. அடுத்த கர்ப்பம் தள்ளிப்போனதா, குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைந்ததா? இரண்டும் இல்லை. பிற்பாடு பள்ளிக்குத் தயாராவதில் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைக்கும் ஏற்கெனவே ‘ஹெல்த் விசிட்டர்’ வீட்டுக்கு வருகிறார், குடும்ப மருத்துவர் இலவசம். எல்மைராவின் ஏழைப் பெண்ணுக்கு 1977இல் நர்ஸ் வந்தால் முன்பு எதுவும் இல்லாத இடத்தில் ஒன்று வந்தது. லண்டன் பெண்ணுக்கு, இருந்த பலவற்றோடு இன்னொன்று. எதற்கு எதிராக ஒப்பிடுகிறோம் என்று கேட்காமல் எந்தப் பலனையும் இடம் மாற்றக் கூடாது.

எல்மைரா ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. இதைச் சொல்பவர்கள் இன்னும் குறைவு. அம்மா வீட்டில் அடிபட்டுக்கொண்டிருந்த குடும்பங்களில் நர்ஸ் வருகையின் பலன் குறைந்துகொண்டே போய், அடி மிக அதிகமாக இருந்த இடங்களில் இல்லாமலே போனது. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில், குழந்தையோடு பேசுங்கள் என்று சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது.

இங்கேதான் இந்தத் திட்டங்களின் அடியில் கிடக்கும் ஒரு அனுமானத்தைத் தொட வேண்டும். ஏழைத் தாய்க்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்ற அனுமானம். பாதி உண்மை. சிறு குழந்தையோடு பேசுவதால் அதன் அறிவு வளர்கிறது என்பது படித்த வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. கைக்குழந்தைக்கு என்ன புரியப்போகிறது என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஜாதியிலும் வர்க்கத்திலும் உண்டு. அந்த அளவில் சொல்லிக்கொடுப்பது நியாயம். மறுபாதி, நேரம். நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போகும் அம்மா காலையில் கிளம்பினால் மாலையில்தான் வருவாள். காலை 11 மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பது பாட்டி, அல்லது எட்டு வயது அக்கா. தெரியாத அம்மாவுக்குப் பாடம் உதவும். இல்லாத அம்மாவுக்குக் கூலி உயர்வும் குழந்தைக் காப்பகமும்தான் உதவும். பாடத்தைக் கொடுத்துவிட்டுக் காப்பகத்தை மறந்துவிடும் அரசுக்கு, பிறகு குழந்தை பின்தங்கினால் பழியை அம்மாவின் தலையில் கட்டிவிட வசதியாகிவிடுகிறது. அப்பாவை இதில் யாரும் கூப்பிடுவதே இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

வீட்டுக்குப் போவது என்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது. நம் நாட்டில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வைத்தார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999இல் ‘லான்செட்’ வெளியிட்டது. அதன் அடியொற்றித்தான் இன்று நாடு முழுக்க ஆஷா பணியாளர்கள், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 42 நாளுக்குள் 6 தடவை போகிறார்கள். அது சரியான திட்டம். குழந்தைக்கு உடம்பு சில்லென்று ஆகிவிட்டதா, பால் குடிக்கவில்லையா, மூச்சு இறைக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சரியான நாளில் ஒருமுறை போனால் போதும். ஒரு வருகை ஒரு உயிரைக் காக்கும்.

விளையாட்டும் பேச்சும் அப்படியல்ல. அங்கே கண்டுபிடிக்க ஒரு நோய் இல்லை, உண்டாக்க ஒரு பழக்கம்தான் இருக்கிறது. 42 நாளுக்குப் பிறகு நம் திட்டத்தில் இருப்பது 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் ஐந்து வருகை. மூன்று மாதத்துக்கு ஒன்று. தடுப்பூசியையும் இணை உணவையும் நினைவூட்ட இது போதலாம். குழந்தையோடு விளையாடுவதையும் இதே வருகையில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று வழிகாட்டிகள் எழுதும்போதுதான் சிக்கல். கிங்ஸ்டனில் மாதம் ஒருமுறையே பலிக்கவில்லை.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2 வயதுக்கு மேல் குழந்தை பால்வாடிக்கு வருகிறது, சோறும் முட்டையும் சாப்பிடுகிறது, பாட்டுப் பாடுகிறது. 2 வயதுக்குக் கீழே மையத்தோடு உள்ள உறவு பெரும்பாலும் எடை பார்ப்பதும் சத்துமாவு பாக்கெட்டும்தான். மூளை மிக வேகமாக வளரும் காலம் அதுதான் என்று எல்லா அறிக்கையும் சொல்கிறது. அந்தக் காலத்தில்தான் நம்மிடம் ஆள் இல்லை.

இருக்கும் ஆளையே அனுப்பலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் உள்ள ஊரில் 3 வயதுக்குக் கீழே 30, 40 குழந்தைகள் இருப்பார்கள். வாரம் ஒரு மணி நேரம் என்றால் 30, 40 மணி நேரம், நடை தனி. அது ஒரு முழுநேர வேலை. மையத்தைத் திறப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது, உயரமும் எடையும் எடுத்து ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏற்றுவது, பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலை, இத்தனைக்கும் நடுவில் இதைச் சேர்த்தால் வீட்டுப் பார்வை என்னவாகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். கதவைத் தட்டுவார், எடை போடுவார், அட்டையில் எழுதுவார், போட்டோ எடுப்பார், அடுத்த வீட்டுக்குப் போவார். செயலியில் வருகை பதிவாகிவிடும். தரையில் உட்கார நேரம் இருந்திருக்காது. சம்பளம் என்றுகூடச் சொல்லாமல் மதிப்பூதியம் என்று கொடுத்துக்கொண்டு இதையும் அவரிடமே கேட்பது நியாயமும் அல்ல.

வழி இல்லையா என்றால், ஒடிசாவில் ஒரு வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. கிராந்தம்-மெக்ரெகரே பங்கெடுத்து, ஜமைக்கா முறையையே எடுத்துக்கொண்டு, 192 கிராமங்களில் 1,449 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, 2020இல் வெளியானது. சில கிராமங்களில் வீடு வீடாக வாராந்தர வருகை. சில கிராமங்களில் தாய்மாரைச் சிறு குழுவாக உட்கார வைத்து அதே விளையாட்டு, அதே பொம்மை. இரண்டு வருட முடிவில் இரண்டு வகைக் கிராமங்களிலும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் நல்ல முன்னேற்றம். இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. குழுக் கூட்டத்தின் செலவோ வீட்டு வருகையின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

என் எடைபோடலில் தராசு சாய்வது இந்த முடிவால்தான். பலன் வீட்டு வாசலைத் தாண்டுவதில் இல்லை என்று இது காட்டுகிறது. வாராவாரம் விட்டுப்போகாமல் நடப்பதிலும், அம்மா கையில் பொம்மையைக் கொடுத்துச் செய்ய வைப்பதிலும்தான் இருக்கிறது. குழுவில் இன்னொரு நன்மையும் உண்டு. தனியாக வீட்டுக்கு வரும் அரசு ஆள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் வீட்டைச் சோதிக்க வந்தவராகத் தோன்றக்கூடும். பக்கத்து வீட்டுக்காரியின் பிள்ளை கட்டையை அடுக்குவதைப் பார்த்துத் தானும் செய்து பார்க்கும் தாய்க்கு அந்தக் கூச்சம் இல்லை. குறையும் உண்டு. கூட்டத்துக்கு வராதவளே உதவி அதிகம் தேவைப்படுகிறவளாக இருப்பாள். மாமியார் விடாத மருமகள், ஊர்க் கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் அங்கே வர முடியாத தலித் பெண், மனம் சோர்ந்துபோய்ப் படுக்கையை விட்டு எழாத இளம் தாய். ஒடிசாவின் சராசரி எண் இவர்களைத் தனியாகக் காட்டாது.

ஆக, தீர்ப்பு இது. வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளுக்கு வாராந்தரமாகத் தாய் வழியாகக் கொடுக்கப்படும் விளையாட்டும் பேச்சும் பலன் தரும் என்பது நிரூபணமான விஷயம். அந்த அளவில் ஜமைக்கா சாட்சியம் செல்லும். வருமானம் இத்தனை சதவீதம் உயரும் என்ற வாக்குறுதிக்கும், மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ போகும் வருகைக்கும் அது செல்லாது. ஏற்கெனவே திணறும் அங்கன்வாடிப் பணியாளரிடம் 140 செயல்பாடுகள் கொண்ட புத்தகத்தைக் கொடுத்து வீடு வீடாகப் போகச் சொல்லும் வடிவத்தை நிராகரிக்க வேண்டும். அதில் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் செய்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடும், அது போதும் கெடுக்க.

மையத்துக்கு இரண்டாவதாக ஒரு பணியாளர், முறையான சம்பளம், ஆறேழு தாய்மார் சேரும் வாராந்தரக் கூட்டம், கூலி வேலை இல்லாத நேரத்தில், எல்லாத் தெருவும் வரக்கூடிய இடத்தில். பத்துப் பணியாளருக்கு ஒருவராவது கூடவே இருந்து திருத்தும் மேற்பார்வையாளர். வீட்டு வருகை, கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்கும் எடை குறைந்து பிறந்த, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் மட்டும். இந்த வடிவத்தை ஆதரிக்கலாம். இங்கிலாந்து செய்ததுபோல் முடிவு வரும் முன்பே மாநிலம் முழுக்க விரிக்காமல், இரண்டு மூன்று மாவட்டங்களில் குலுக்கல் முறையில் கிராமங்களைத் தேர்ந்து இரண்டு வருடம் நடத்தி, குழந்தைகளை அளந்து, எண்களை வெளியிட்ட பிறகு மற்ற மாவட்டங்களுக்குப் பணம் கேட்கட்டும்.